உரைகல்லும் எல்லைக்கல்லும்

நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலைக்கும் தமிழ்நாட்டின் களியக்காவிளைக்கும் இடையே 1956 நவம்பர் 1 முதல் மாநில எல்லை ஒன்று நிற்கிறது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தில் இணைந்தன. தமிழரும் வாழ்ந்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. அதன் அரசியல் குறித்து நிறைய எழுதப்பட்டுவிட்டது. அந்தி சாய்ந்ததும் வீறிட்டழும் கைக்குழந்தையின் மருந்துக்கு என்ன நேர்ந்தது என்பதே என் கேள்வி.

மருந்து இருபுறமும் ஒன்றே. வசம்பை விளக்குச் சுடரில் சுட்டு, கல்லில் தாய்ப்பால் விட்டு உரைத்து, குழந்தையின் நாவில் தடவுவர். சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எனச் சேர்மானம் வீட்டுக்கு வீடு மாறும். தமிழில் உரைமருந்து, மலையாளத்தில் உரமருந்நு. வசம்பு அங்கே வயம்பு. 'பிள்ளை வளர்ப்பான்' என்றும், இரவில் பெயர் கூறலாகாது என்பதால் 'பேர் சொல்லாதது' என்றும் தமிழர் அதனை வழங்கினர்.

பிரிந்தது மருந்தின் மேல்விலாசம்தான். திருவிதாங்கூர் அரசு 1889-இல் திருவனந்தபுரத்தில் ஆயுர்வேதப் பாடசாலை கண்டது. பாளையங்கோட்டையில் 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி எழுந்தது. ஒரே உரைகல் வடக்கே ஆயுர்வேதமாகவும் தெற்கே சித்தமாகவும் பெயர் பெற்றது. பாட்டிமார் இவ்விரண்டில் எதையும் பயின்றவர்கள் அல்லர்.

இவ்வழுகைக்கு மேலைநாடும் விடை தேடியது. நாட்டிங்காமில் 1851-இல் வில்லியம் உட்வர்ட் உருவாக்கிய கிரைப் வாட்டரில் சதகுப்பை எண்ணெயோடும் சோடா உப்போடும் சாராயமும் இருந்தது. சாராயம் பின்னர் நீக்கப்பட்டது. மார்பின் கலந்த 'சாந்தப்படுத்தும்' பாகுகள் விற்ற காலமும் உண்டு. இன்று அக்குபங்சர். 2017-இல் 147 குழந்தைகளிடம் நடந்த சுவீடன் ஆய்வு அழுகை குறைந்ததாகக் கூறியது. ஆய்வுமுறை குறித்துக் கடும் விமர்சனம் எழுந்தது. 2013-இன் நார்வே ஆய்வோ, ஊசி குத்தியவர்க்கும் குத்தாதவர்க்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணவில்லை.

இத்தனை மருந்துகளும் புகழ் பெற்றது எங்ஙனம்? அழுகை ஏறத்தாழ ஆறாம் வாரத்தில் உச்சமடைந்து மூன்று, நான்கு மாதங்களில் தானே அடங்குகிறது. களைத்த தாய் உச்சத்தில்தான் வைத்தியரை நாடுகிறாள். பெருமை கடைசியாகக் கொடுத்த மருந்தைச் சேர்கிறது. இதனாலேயே ஒப்பீட்டுக் குழு இல்லாத அனுபவச் சான்றை வரலாற்று மாணவர் ஐயத்தோடு வாசிக்க வேண்டியுள்ளது.

உரைமருந்து தீங்கற்றது என்று சொல்லிவிடவும் இயலாது. இந்திய வசம்பில் மிகுந்துள்ள பீட்டா-அசரோன் எலிகளில் புற்றுநோய் விளைத்ததால், அமெரிக்கா 1968-இல் அதனை உணவில் சேர்ப்பதைத் தடை செய்தது. உடன் குழைக்கும் தேனோ, ஓராண்டு நிரம்பாத குழந்தைக்குப் பாட்யூலிச நஞ்சேற்றத்தை உண்டாக்கக் கூடியது. பாறசாலையிலும் களியக்காவிளையிலும் நாட்டுமருந்துக் கடைகளில் வசம்பு இன்றும் கேட்டவுடன் கிடைக்கிறது.