மன்னிப்பின் முகவரி

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில், மருதமுனையிலிருந்து ஒரு தாய் கல்முனையில் என்னைத் தேடி வந்தார். மகன் ஆயுள் கைதி. கருணை மனு எழுத வேண்டும். நான் பேனாவைத் திறந்ததும் அவர் கேட்டார்: "இத ஆருக்கு தம்பி எழுதுற?"

ஜனாதிபதிக்கு என்று எழுதிக் கொடுத்தேன். பதில் வரவேயில்லை. அந்தக் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

கருணையை மன்னரின் கொடையாகக் கருதியது முடியாட்சிக் காலம். பிரித்தானிய முடியின் அவ்வுரிமையை இலங்கையில் ஆளுநர்கள் பயன்படுத்தினர். சுதந்திரத்தின் பின் அது மகாதேசாதிபதியின் பெயரில், அமைச்சரின் ஆலோசனைப்படி நடந்தது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 34ஆம் உறுப்புரை மூலம், அதனை நிறைவேற்று ஜனாதிபதியிடம் ஒப்படைத்தது. அவர் மன்னிக்கலாம், தண்டனையை ஒத்திவைக்கலாம், குறைக்கலாம், மாற்றலாம். மரண தண்டனைக் கைதியாயின் ஒரு படிமுறை உண்டு. வழக்கை விசாரித்த நீதிபதியின் அறிக்கை, அதன்மீது சட்டமா அதிபரின் ஆலோசனை, பின்னர் நீதி அமைச்சரின் சிபாரிசு. இறுதி முடிவு ஜனாதிபதியுடையது. அந்த அமைச்சரையும் அவரே நியமிக்கிறார். மன்னிப்பை ஆராய்வதற்கெனத் தனிச் சபை எதனையும் அரசியலமைப்பு ஏற்படுத்தவில்லை.

அமெரிக்க மாநிலங்களும் ஒரு காலத்தில் இவ்வாறே இருந்தன. டெக்சாசில் ஆளுநர் மிரியம் பெர்குசன் ஆயிரக்கணக்கானோருக்குக் கருணை வழங்கியபோது, பணம் கைமாறியது என்ற பேச்சு எழுந்தது. 1936இல் அரசியலமைப்பைத் திருத்தினர். மூவர் கொண்ட சபை அமைந்தது. ஒருவரை ஆளுநரும், ஏனைய இருவரை மாநிலத்தின் இரு உச்ச நீதிமன்றங்களின் தலைவர்களும் நியமித்தனர். சபையின் சிபாரிசு இன்றி ஆளுநர் மன்னிக்க முடியாது. ஜோர்ஜியா 1943இல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. மன்னிப்பதும் நிபந்தனையுடன் விடுவிப்பதும் முற்றாகச் சபையிடம் சென்றன. அங்கு ஐந்து உறுப்பினர்கள், ஏழாண்டுப் பதவிக்காலம். ஆளுநர் நியமிப்பார், மாநில செனட் சபை உறுதிப்படுத்த வேண்டும்.

சபை என்றவுடன் நீதி வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. டெக்சாசில் இன்று உறுப்பினர் அனைவரையும் நியமிப்பவர் ஆளுநரே. செனட்டின் ஒப்புதல் மட்டும் வேண்டும். எனினும், கேள்வி கேட்பதற்கு ஒரு கதவாவது அங்கே இருக்கிறது.

நம் நாட்டுக்கு வருவோம். மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்ற இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்க 2020 மார்ச்சில் விடுதலையானார். முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வா 2021 ஜூனில் மன்னிக்கப்பட்டார். இரண்டிலும் ஒப்பமிட்டவர் கோட்டாபய ராஜபக்ஷ. துமிந்தவின் மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் செல்லுபடியற்றதாக்கியது. 2025 வெசாக் காலத்திலோ, ஜனாதிபதி அங்கீகரித்த பட்டியலில் பெயரே இல்லாத ஒருவர் அநுராதபுரம் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார். உயர் அதிகாரிகள் கைதாயினர்.

கிழக்கின் முஸ்லிம்களுக்கு இன்னொரு வாசலும் தெரியும். மூதூரின் றிசானா நபீக்குக்கு சவூதி அரேபியாவில் மன்னிப்பு மன்னரின் கையில் இருக்கவில்லை. இறந்த குழந்தையின் பெற்றோரின் கையில் இருந்தது. அவர்கள் இசையவில்லை. 2013 ஜனவரி 9ஆம் திகதி தண்டனை நிறைவேறியது. அங்கே பாதிக்கப்பட்டவரின் சொல்லே முடிவு. இங்கே மிருசுவிலின் உறவினர்களுக்கு அந்த முடிவில் எந்த இடமும் இருக்கவில்லை. இரு எல்லைகளுக்கும் நடுவே, இரு தரப்பையும் கேட்டு, காரணத்தை எழுத்தில் பதிந்து முடிவெடுக்கும் சபை ஒன்று சாத்தியமே.

அதற்குரிய கருவியும் நம்மிடம் உண்டு. 2001இல் உருவாகி, 2020இல் வலுவிழந்து, 2022இல் 21ஆம் திருத்தத்தால் மீண்ட அரசியலமைப்புப் பேரவையே சுயாதீன ஆணைக்குழுக்களுக்கு உறுப்பினர்களை விதந்துரைக்கிறது. அதே வழியில் ஒரு மன்னிப்புச் சபையையும் நியமிக்கலாம். தமிழும் சிங்களமும் அறிந்த, நிலையான பதவிக்காலம் கொண்ட, காரணம் சொல்லக் கடமைப்பட்ட சபை.

அப்போது மருதமுனைத் தாயின் கேள்விக்கு ஒரு முகவரி இருக்கும். பதிலாக மறுப்பே வந்தாலும், ஏன் மறுத்தார்கள் என்று அவர் அறிந்துகொள்வார்.