கோடையில் கீசரை என்ன செய்வது? ஊருக்குக் கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மே மாதம். கல்யாண் ஸ்டேஷனில் நாகர்கோவில் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கும்போதுதான் பலருக்கு அந்தச் சந்தேகம் வரும்: "கீசரை ஆஃப் பண்ணினோமா, இல்லையா?" ஊர்ல இருந்து திரும்ப ஜூன் ஆகிவிடும். அதுவரை பூட்டிய வீட்டில் அந்த 15 லிட்டர் தொட்டிக்குள் என்ன நடக்கும்?

ஆனில் விட்டால் எவ்வளவு கரன்ட் போகும்?

15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்க சுமார் அரை யூனிட் போதும். ஆனால் யாரும் குளிக்காவிட்டாலும் தொட்டி மெல்ல ஆறும். தெர்மோஸ்டாட் மறுபடி சூடாக்கும். இதற்குப் பெயர் 'ஸ்டாண்டிங் லாஸ்'. கீசரின் ஸ்டார் லேபிளிலேயே ஒரு நாள் கணக்கு அச்சிட்டிருக்கும்.

அது 45 டிகிரி வெப்ப வித்தியாசத்துக்கான அளவு. பாத்ரூம் 33 டிகிரி, தண்ணீர் 60 டிகிரி என்றால் வித்தியாசம் 27தான். லேபிளில் 0.4 யூனிட் இருந்தால், கோடையில் சுமார் 0.24 யூனிட். ஏப்ரல் முதல் ஜூன் வரை 91 நாளுக்குக் கிட்டத்தட்ட 22 யூனிட். பில்லுக்கு இது பெரிய தொகை இல்லை. ஆளில்லாத வீட்டில் ஹீட்டர் ஓடுவதுதான் பிரச்னை.

தொட்டியைக் காலி செய்யணுமா?

ஓரிரு மாதம் என்றால் பொதுவாகத் தேவையில்லை. காலியான தொட்டியில் காற்று புகும். இரும்புத் தொட்டி என்றால் துரு பிடிக்கலாம். நீண்ட காலம் பூட்டிப் போவதாக இருந்தால் மாடலின் கையேடு சொல்வதைப் பின்பற்றுங்கள்.

கிளம்பும்போது: முதலில் கரன்ட், பிறகு தண்ணீர்

முந்தைய இரவே ஸ்விட்சையும் எம்.சி.பி.யையும் ஆஃப் பண்ணிடுங்க. தண்ணீர் ஆறியதும் கீசருக்குப் போகும் வால்வை மூடுங்கள். பைப்பில் கசிவு வந்தாலும் கீழ்வீட்டு சீலிங் தப்பிக்கும்.

திரும்பி வந்ததும்: முதலில் தண்ணீர், பிறகு கரன்ட்

இந்த வரிசை மாறினால்தான் ஆபத்து. தண்ணீர் வெட்டு நேரத்தில் தொட்டி காலியாகியிருக்கலாம். காலித் தொட்டியில் ஸ்விட்ச் போட்டால் ஹீட்டிங் காயில் எரிந்துபோகும். வால்வைத் திறந்து, சுடுதண்ணீர்க் குழாயில் காற்றுச் சத்தம் இல்லாமல் தண்ணீர் சீராக வரும்வரை விடுங்கள். நாள்பட்ட தொட்டியில் கொஞ்சம் ஹைட்ரஜன் வாயு சேர்ந்திருக்கலாம்; அதனால் ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் தீக்குச்சி வேண்டாம்.

அடுத்து கிருமி. லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள, தேங்கிய தண்ணீரில் வளரும். 1976 ஜூலையில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் மாநாட்டுக்கு வந்தவர்களிடையே நிமோனியா பரவியபோதுதான் இது வெளியே தெரிந்தது. குடிப்பதைவிட, ஷவரின் நுண்துளிகளைச் சுவாசிப்பதால்தான் இது தொற்றும். சாதாரண வீட்டில் ஆபத்து குறைவு. முதியவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோயாளிகள் கவனமாக இருக்க வேண்டும். பழைய தண்ணீரை வெளியேற்றிவிட்டு, புதுத் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கி, கொஞ்ச நேரம் குழாயில் ஓடவிட்ட பிறகு குளிக்கலாம். அந்தச் சூடு தோலைச் சுட்டுவிடும். பச்சைத் தண்ணீர் கலந்தே பயன்படுத்துங்கள்.

சர்வீஸுக்கு ஏற்ற காலம்

டேங்கர், போர்வெல் தண்ணீர் என்றால் காயிலில் சுண்ணாம்புப் படிவு சேரும்; சூடாக நேரம் ஆகும். தொட்டியைக் காக்கும் மெக்னீசியம் கம்பியும் கரைந்துகொண்டே வரும். வெந்நீர் இல்லாமல் சமாளிக்க முடிகிற கோடையிலேயே இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். சூடாகும்போது சேஃப்டி வால்வில் சில துளி சொட்டுவது இயல்பு. அதை அடைக்கவே கூடாது. நிற்காமல் ஒழுகினால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

கேஸ் கீசரா? ஊருக்குப் போகும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள். அதில் உருவாகக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. காற்றோட்டம் இல்லாத பாத்ரூமுக்குள் அதை எந்தப் பருவத்திலும் வைக்காதீர்கள்.