கட்டியவன் கூலியும் கட்டிடத்தின் பொறுப்பும்

தையற்காரன், தான் தைத்த சட்டையைக் கூலி வரும்வரை தன்னிடமே வைத்திருக்கலாம். கொல்லன், தான் திருத்திய வண்டியையும் அவ்வாறே நிறுத்தி வைக்கலாம். ஆங்கிலப் பொதுச்சட்டம் இவ்வுரிமையை நெடுங்காலத்துக்கு முன்னரே ஏற்றுக்கொண்டது. வீடு கட்டுபவன் நிலையோ வேறு. அவன் அடுக்கிய கல்லும் ஏற்றிய உத்தரமும் நிலத்தோடு ஒன்றி, நிலத்துக்குரியவனின் சொத்தாகிவிடுகின்றன. அவற்றை அவன் பெயர்த்துச் செல்லவும் இயலாது. பிடித்து வைக்கவும் இயலாது. உடையவன் கைவிரித்தால், கடன் கொடுத்தோர் பலருள் ஒருவனாக நீதிமன்ற வாயிலில் நிற்பதன்றி அவனுக்கு வேறு வழியில்லை.

இக்குறையைத் தீர்க்கும் முயற்சி ஐக்கிய அமெரிக்காவில், ஒரு புதிய தலைநகரின் தேவையினாற் பிறந்தது. பொற்றோமாக் ஆற்றங்கரையில் தலைநகரை அமைப்பதென 1790ஆம் ஆண்டில் முடிவாயிற்று. 1800இல் அரசாங்கம் அங்கே குடிபுகவேண்டும். அவ்விடமோ பெரும்பாலும் வயலும் காடுமாய்க் கிடந்தது. வீடுகளை எழுப்பக் கட்டிடக்காரர் முன்வரவேண்டுமாயின், அவர்களுக்கு ஓர் உறுதிப்பாடு வேண்டும். ஆதலின் மேரிலாந்துச் சட்டசபை 1791 டிசெம்பர் 19ஆம் நாள் நிறைவேற்றிய சட்டத்தில், கட்டிடக்காரரை ஊக்குவிப்பதற்கென்றே ஒரு பிரிவைச் சேர்த்தது. எழுத்து மூலமான ஒப்பந்தத்தைப் பதிவுசெய்து வீடு கட்டியவனுக்குச் சேரவேண்டிய பணத்துக்கு, அவ்வீடும் அது நிற்கும் நிலமுமே பொறுப்பாயின.

இதுவே கைவினைஞர் பற்றுரிமை எனப்படுவது. 1803இல் பென்சில்வேனியா, பிலடெல்பியா நகர்ப்பகுதிக்கு இத்தகைய சட்டமொன்றை இயற்றியது. நாளடைவில் ஏனைய மாநிலங்களும் இவ்வழியைப் பின்பற்றின. கலிபோர்ணியா 1879ஆம் ஆண்டு அரசியலமைப்பிலேயே இவ்வுரிமையைப் பொறித்து வைத்தது.

எனினும் இவ்வுரிமை செல்லாத இடங்கள் இரண்டு இருந்தன. முதலாவது, அரசாங்கக் கட்டிடம். பாராளுமன்ற மாளிகையை ஏலத்தில் விற்றுக் கூலி பெறல் எங்ஙனம்? அதற்கு மாற்றாக 1894இலும், பின்னர் 1935இலும் இயற்றப்பட்ட சட்டங்கள், அரசாங்க வேலையை ஏற்கும் ஒப்பந்தகாரர் முன்கூட்டியே பிணைமுறி கொடுக்கவேண்டுமென விதித்தன.

இரண்டாவது இடம் மனச்சாட்சியை உறுத்துவது. அப்புதிய நகரிலே சனாதிபதியின் மாளிகைக்கும் பாராளுமன்ற மாளிகைக்கும் கல் உடைத்தவருள்ளும் மரம் அறுத்தவருள்ளும் அடிமைகள் பலர் இருந்தனர். அவர்களுடைய உழைப்புக்கான கூலி அவர்களை உடைமையாகக் கொண்டவர்களுக்கே கொடுக்கப்பட்டது. கட்டியவனுக்குக் கட்டிடத்தைப் பொறுப்பாக்கிய சட்டம், தன் உழைப்புக்கே உரிமையற்றிருந்தவனைக் காணவில்லை. 1862 ஏப்பிரல் 16ஆம் நாள் அந்நகரில் அடிமைத்தனம் ஒழிக்கப்பட்டபோதும், ஆளொன்றுக்குச் சராசரி 300 டொலருக்கு மேற்படாத நட்டஈடு உடையவர்களுக்கே வழங்கப்பட்டது. விடுதலை பெற்றவர்களின் பழைய கூலியைப் பற்றி அச்சட்டம் வாய் திறக்கவில்லை.

கூலியைக் கல்லோடும் மண்ணோடும் பிணைக்கச் சட்டத்தால் முடிந்தது. அக்கூலி உழைத்தவனுக்கே உரியது என்னும் நீதி, கல்லிலும் மண்ணிலும் அன்றி மனிதர் மனத்திலேயே முதலில் எழவேண்டியிருந்தது.