ஓட்டுநர் இல்லாத ரயிலில் முதலில் பார்க்க வேண்டியது கதவை

2024 அக்டோபரில், சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் முதல் ரயில் ஸ்ரீசிட்டியிலிருந்து பூந்தமல்லி பணிமனைக்கு வந்து சேர்ந்தது. மூன்று பெட்டி, ஆல்ஸ்டாம் தயாரிப்பு, ஓட்டுநர் கிடையாது. படத்தை வீட்டில் காட்டினேன். அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "டிரைவர் இல்லாம யாரை நம்பிடா ஏறுறது?"

இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது சுருக்கென்று தைக்கும் கேள்வி. நிரல்கள் எந்த லட்சணத்தில் வெளியே போகின்றன என்று எங்களுக்குத்தானே தெரியும்! பதில் தேடிப் போனதில் ஒரு விஷயம் புரிந்தது. ரயில் தானாக ஓடக் கற்றுக்கொண்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. டிரைவரை இறக்கிவிடத்தான் நாள் பிடித்தது.

லண்டனில் விக்டோரியா பாதையின் முதல் பகுதி 1968 செப்டம்பர் 1 அன்று திறந்தது. மைக்ரோப்ராசசர் வராத காலம் அது. தண்டவாளம் வழியாக மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பினார்கள். முழு வேகத்துக்கு ஒரு துடிப்பு, மெதுவாகப் போக இன்னொன்று. ரயில் அதைப் படித்தபடியே ஓடும். துடிப்பு வராவிட்டால் பிரேக் தானே விழுந்துவிடும். கம்பி அறுந்தாலும் சரி, கருவி செத்தாலும் சரி, ரயில் நிற்கும். சந்தேகம் வந்தால் நில் என்பதுதான் இதன் அடிப்படை.

அப்படியானால் டிரைவருக்கு என்ன வேலை? கதவை மூடிவிட்டு, இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவார். அடுத்த நிலையத்தில் நிறுத்துவது வரை ரயிலே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் அவர் இன்றும் அந்தப் பாதையில் உட்கார்ந்திருக்கிறார்.

ஏனென்றால் ரயில் ஓட்டுவதில் ஓட்டுவது சுலபமான பாதி. கஷ்டமான பாதி நடைமேடை விளிம்பில் இருக்கிறது. கதவிடுக்கில் மாட்டும் துப்பட்டா, கடைசி நொடியில் ஓடிவருபவர், தண்டவாளத்தில் விழும் குழந்தை. இதையெல்லாம் பார்க்க ஒரு ஜோடிக் கண் வேண்டும்.

இந்த முடிச்சை அவிழ்த்தது பிரான்சின் லீல் நகரம். அங்கே 1983-ல் ஓடத் தொடங்கிய 'வால்' மெட்ரோவில் நடைமேடையையே கண்ணாடிச் சுவரும் கதவும் வைத்து மூடிவிட்டார்கள். ரயில் வந்து நின்ற பிறகுதான் இரண்டு கதவும் திறக்கும். பார்த்துக்கொள்ள ஆள் வைப்பதற்குப் பதில், விழவே முடியாதபடி செய்துவிட்டார்கள். இன்னொரு லாபமும் வந்தது. கூடுதலாக ஒரு ரயில் விட கூடுதலாக ஒரு டிரைவர் தேவையில்லை. அதனால் நீளமான ரயிலை எப்போதாவது விடாமல், இரண்டே பெட்டி ரயிலை அடிக்கடி விட்டார்கள். முதல் கட்டத்தில் நான்கு பெட்டி ஓடும் சென்னையில், இரண்டாம் கட்டத்துக்கு மூன்று பெட்டி என்றதும் எனக்கு லீல்தான் ஞாபகம் வந்தது.

அடுத்து சாஃப்ட்வேர். 1998 அக்டோபரில் பாரிஸின் 14-ஆம் பாதை ஓட்டுநர் இல்லாமல் திறந்தது. உயிரோடு சம்பந்தப்பட்ட நிரலை ழான்-ரேமோன் அப்ரியால் உருவாக்கிய 'பி' முறையில் எழுதினார்கள். 'இரண்டு ரயில்கள் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது' போன்ற விதிகளைக் கணிதமாக எழுதி, நிரல் அவற்றை மீறாது என்று தேற்றம் போல நிரூபிப்பது இந்த முறை. நாமெல்லாம் பத்துத் தடவை ஓட்டிப் பார்த்து 'வேலை செய்யுது' என்கிறவர்கள். அவர்கள் நிரூபித்தார்கள். பிறகு 1900-ல் திறந்த பழைய 1-ஆம் பாதையையே மாற்றினார்கள். முதலில் நடைமேடைக் கதவுகளை வைத்தார்கள். 2011-ல்தான் ஆளில்லா ரயில்கள் வரத் தொடங்கின.

'டிரைவர் இருந்தால் பயமில்லை' என்கிறீர்களா? 2009 ஜூன் 22 அன்று வாஷிங்டனில், ஃபோர்ட் டாட்டன் அருகே, நின்றிருந்த ரயில் மீது பின்னால் வந்த ரயில் மோதியது. அது தானியங்கி முறையில் ஓடிக்கொண்டிருந்தது, டிரைவரும் இருந்தார். தண்டவாளச் சுற்று ஒன்று கோளாறாகி, முன்னால் ரயில் நிற்பதையே காட்டவில்லை. டிரைவர் அவசர பிரேக் போட்டார். ஆனால் தூரம் போதவில்லை. அவரோடு சேர்த்து ஒன்பது பேர் இறந்தார்கள். சந்தேகம் வந்தால் நில் என்ற விதியும் இங்கே உதவவில்லை. ஏனென்றால் கருவிக்குச் சந்தேகமே வரவில்லை. 'பாதை காலி' என்று அது உறுதியாகப் பொய் சொன்னது.

அந்த நாளில் பிழை தண்டவாளத்தில் இருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு மனிதருக்கு சில நொடிகள்தான் கிடைத்தன. அந்த இருக்கையில் ஆள் இருப்பது மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது.

இந்தியாவில் டெல்லியின் மெஜந்தா பாதை 2020 டிசம்பரில் இதைத் தொடங்கிவைத்தது. சென்னையின் முதல் கட்டத்தில் சுரங்க நிலையங்களில் மட்டும்தான் நடைமேடைக் கதவு. இரண்டாம் கட்டத்தில் மேம்பால நிலையங்களுக்கும் அரை உயரக் கதவு. என் கணக்கில் ரயிலைவிட இதுதான் பெரிய செய்தி.

அம்மாவுக்குச் சொன்ன பதில் இதுதான்: "ஏறலாம்மா. ஆனா டிரைவர் எங்கேன்னு கேக்காதே. பிளாட்பாரத்துல கதவு சரியா மூடுதா, சுரங்கத்துல ரயில் நின்னா எத்தனை நிமிஷத்துல ஆள் வருவாங்க, கோளாறை யார் விசாரிச்சு வெளியில சொல்வாங்கன்னு கேளு." டிரைவரின் இருக்கையை எடுத்துவிடலாம். அவர் சுமந்த பொறுப்பு எங்கேயும் போவதில்லை; கதவுக்கும், கட்டுப்பாட்டு அறைக்கும், நிரல் எழுதுகிற என்னைப் போன்றவர்களின் மேசைக்கும் இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

அம்மா கடைசியாக ஒன்று கேட்டாள். "அப்போ முன்னாடி சீட்டுல நான் உக்காந்துக்கலாமா?" உட்காரலாம். முன்கண்ணாடி வழியாகப் பாதை தெரியும்.