எரிந்துபோன டிரிஸ்ட்ரமும் இன்னும் சில ஊர்களும்

ஆர்.பி.ஜி. வகை வீடியோ கேம்களில் ஊறிப்போன யாரையாவது பிடித்து, "மறக்க முடியாத ஊர் எது?" என்று கேட்டுப் பாருங்கள். கடைசியில் கொன்ற பூதத்தின் பெயர் மறந்திருக்கும். கதாநாயகன் எதற்காகக் கிளம்பினான் என்பதே மறந்திருக்கும். ஆனால் ஊர் ஞாபகம் இருக்கும். கிணறு எந்தப் பக்கம், கொல்லன் பட்டறை எங்கே, சத்திரத்துக்குள் நுழைந்தால் என்ன இசை கேட்கும், எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லுவார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இப்படி ஆசையாகச் சொல்லப்படும் ஊர்களில் பல, அந்தக் கதைகளிலேயே அழிந்துபோனவை. இல்லாவிட்டால் அழிவின் விளிம்பில் நிற்பவை.

ஆரம்பத்தில் ஊர் என்று ஒன்றே கிடையாது. 1981ல் ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் என்ற இரண்டு மாணவர்கள் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய 'விஸார்ட்ரி' கேமில் ஊர் என்பது வெறும் பட்டியல்தான். மதுக்கடை, விடுதி, ஆயுதக்கடை, கோயில் என்று திரையில் எழுத்துகள் வரும். ஒரு விசையைத் தட்டினால் விடுதி, இன்னொன்றைத் தட்டினால் கடை. தெரு இல்லை, வீடு இல்லை, குறுக்கே போகும் ஒரு கிழவி கூட இல்லை. பாதாளச் சுரங்கத்தில் அடிபட்டு வந்தவர்கள் காயத்தை ஆற்றிக்கொண்டு மறுபடி இறங்குவதற்கு ஒரு இடம், அவ்வளவுதான். பெட்ரோல் பங்க் மாதிரி.

1986ல் ஜப்பானில் வந்த 'டிராகன் குவெஸ்ட்' கேமில்தான் இந்த விஷயத்தில் ஒரு புதுமை நடந்தது. மொத்த கேமும் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இப்போது ஒரு சின்ன போட்டோ அதைவிடப் பெரியது! அந்த இடநெருக்கடியிலும் யூஜி ஹோரி ஒரு பாழடைந்த ஊரை உள்ளே வைத்தார். ஜப்பானிய மூலத்தில் அதன் பெயர் தொம்தோரா. மற்ற ஊர்களில் சுற்றுபவர்களுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கும்: ஊருக்குள் நுழைந்துவிட்டால் பயமில்லை. அதே நினைப்பில் தொம்தோராவுக்குள் காலெடுத்து வைத்தால், கடைக்காரர் இருக்க வேண்டிய இடத்தில் யாரும் இல்லை. சுவர்கள் இடிந்து கிடக்கின்றன. தெருவிலேயே பூதங்கள் பாய்கின்றன. பழம்பெரும் வீரனின் கவசம் அங்கேதான் இருக்கிறது என்பதால் போகாமலும் இருக்க முடியாது. ஊர் என்பது இல்லாமல் போகக்கூடிய ஒரு பொருள் என்று அந்த வயதுப் பையன்களுக்கு முதலில் தெரிந்தது அங்கேதான்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் காரியட் வேறு வழியில் யோசித்துக்கொண்டிருந்தார். ஊர்க்காரர்களுக்கு ஒரு நாள் பொழுது வேண்டும் என்பது அவர் எண்ணம். 1988ல் வந்த 'அல்டிமா 5' கேமில் மனிதர்கள் காலையில் எழுந்து வேலைக்குப் போனார்கள், வேளைக்குச் சாப்பிட்டார்கள், இரவில் படுத்தார்கள். நடுராத்திரியில் கடைக்குப் போனால் கடை பூட்டியிருக்கும். இதில் என்ன பெரிய அதிசயம் என்று இன்றைக்குத் தோன்றலாம். அதுவரை கேம் கடைக்காரர்கள் ஜென்மத்துக்கும் கல்லாவை விட்டு நகராமல் நின்றவர்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 1992ல் வந்த 'அல்டிமா 7' இன்னும் ஒரு படி மேலே போனது. மாவில் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து அடுப்பில் வைத்து ரொட்டி சுட்டு, பிரிட்டன் என்ற நகரத்து ரொட்டிக்காரரிடம் கூலி வாங்கலாம். உலகத்தைக் காப்பாற்ற வந்த வீரன் நாள் முழுக்க ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த கதைகள் ஏராளம் :-)

இந்த இரண்டு யோசனைகளும் ஒரே ஊரில் சந்தித்தது போல அமைந்ததுதான் டிரிஸ்ட்ரம்.

பிளிஸார்ட் நார்த் உருவாக்கிய 'டயப்லோ' 1996ம் வருடத்தின் கடைசியில் கடைகளுக்கு வந்தது. அதில் இருப்பது ஒரே ஒரு ஊர். ஊருக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயம், அதற்குக் கீழே 16 அடுக்குப் பாதாளம். ஊரில் பேசக்கூடியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். கொல்லன் கிரிஸ்வோல்ட், வைத்தியர் பெப்பின், விடுதிக்கார ஆக்டன், ஊர்ப் பெரியவர் டெக்கார்ட் கெய்ன், ஆற்றைத் தாண்டிக் குடிசை போட்டிருக்கும் சூனியக்காரி ஏட்ரியா, பாதாளத்தில் பார்த்ததை மறக்க முடியாமல் எந்நேரமும் குடிக்கும் ஃபார்னம்... அப்புறம் விர்ட். அசுரர்கள் பிடித்துப்போனதில் ஒரு காலை இழந்து மரக்கால் வைத்திருக்கும் பொடியன். அவனைத் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தது அந்தக் கொல்லன்தான். விர்ட் ஊருக்கு ஒதுக்குப்புறமாக நின்றுகொண்டு ஒரே ஒரு சாமானை விற்பான். அதைக் கண்ணால் பார்க்க மட்டுமே 50 தங்கக் காசு கேட்பான். திட்டாத ஆளே இல்லை.

அந்த ஊரில் ஓட முடியாது. நடக்கத்தான் வேண்டும், அதுவும் ஆடி அசைந்து. ஏட்ரியாவிடம் மந்திரச் சுருள் வாங்கிக்கொண்டு மறுபடி தேவாலயத்துக்கு வருவதற்குள் பொறுமை போய்விடும். 1997ல் வேறொரு நிறுவனம் செய்த கூடுதல் தொகுப்பில் ஊருக்குள் வேகமாகப் போகும் வசதியைச் சேர்த்தார்கள். நியாயமாகப் பார்த்தால் அது நல்ல திருத்தம்தான். ஆனால் அந்த மெதுவான நடையும், பின்னால் ஓடும் மேட் யூல்மனின் 12 தந்தி கிட்டாரும் சேர்ந்துதான் டிரிஸ்ட்ரத்தை மனதில் பதிய வைத்தன. பாதாளத்தின் இரைச்சலிலிருந்து மேலே வந்ததும் அந்த கிட்டார் கேட்கும்போது வீட்டுக்கு வந்த நிம்மதி. அதே சமயம் அந்த இசையில் ஏதோ சரியில்லை என்ற கலக்கமும் இருக்கும்.

2000ம் வருடம் ஜூனில் 'டயப்லோ 2' வந்தது. கதை இன்னொரு நாட்டுப்புறத்தில் தொடங்குகிறது. கெய்னைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஐந்து கற்களைச் சரியான வரிசையில் தொட்டால் ஒரு வாசல் திறக்கும். அதற்குள் நுழைந்தால் டிரிஸ்ட்ரம். வீடுகள் எரிந்துகொண்டிருக்கின்றன. தெருவில் பிணங்கள். கெய்ன் நடுவில் ஒரு கூண்டுக்குள் தொங்குகிறார். எதிரே ஒரு பெரிய பிணப்பூதம் அடிக்க வருகிறது. அதன் பெயரைப் பார்த்தால், கிரிஸ்வோல்ட். நாலு வருடத்துக்கு முன்னால் வாளைச் சரிபார்த்துக் கொடுத்த அதே கொல்லன். அவனை வெட்டித்தான் ஆக வேண்டும். கொஞ்சம் தள்ளி விர்ட்டின் உடல். அதைத் தொட்டால் அவன் சேர்த்து வைத்த காசு கொட்டுகிறது, கூடவே அந்த மரக்காலும். பின்னணியில் அதே பழைய கிட்டார்.

முதல் பாகத்தை விளையாடாதவர்களுக்கு அது இன்னொரு சண்டைக்களம்தான். இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். விளையாடியவர்கள் தயங்கி நின்றார்கள். அந்தக் கட்டத்தில் ஒரு வசனம் கூட விளக்கம் சொல்வதில்லை. கிணறு எங்கே இருந்தது, விடுதி எங்கே இருந்தது என்று தெரிந்தவர்களின் ஞாபகமே மிச்ச வேலையைப் பார்த்துக்கொண்டது. (அந்த மரக்காலை வைத்து ரகசிய மாட்டுப் பட்டிக்கு வழி திறக்கும் கூத்து தனிக்கதை.)

இதற்கு நடுவில், 1997 ஜனவரியில் ஜப்பானில் வெளியான 'ஃபைனல் ஃபேன்டசி 7' மிட்கார் நகரத்தைக் காட்டியது. ஷின்ரா என்ற மின்சாரக் கம்பெனி ஆளும் நகரம். மேலே தூண்கள் தாங்கும் ராட்சதத் தட்டில் வசதியானவர்கள், கீழே அதன் நிழலில் குடிசைகள். சுற்றிலும் எட்டு உலைகள். முன்பு அங்கே எட்டு ஊர்கள் தனித்தனிப் பெயரோடு இருந்தனவாம். இப்போது யாருக்கும் அந்தப் பெயர்கள் ஞாபகமில்லை, எல்லாம் வெறும் எண்கள்தான் என்று ரயிலில் போகும்போது ஒரு பேச்சு வரும். பிறகு ஷின்ரா தன் எதிரிகளை ஒழிக்க 7ம் எண் தட்டையே அறுத்துக் குடிசைகள் மேல் விழவைத்து, பழியையும் அந்த எதிரிகள் மேலேயே போடுகிறது. அதற்கு முன் அந்தக் குடிசைப் பகுதியின் மதுக்கடையில் சில மணி நேரம் சுற்றியிருப்பதால்தான் அது வலிக்கிறது. 2020ல் இதை மறு ஆக்கம் செய்தபோது மிட்கார் பகுதியை மட்டுமே ஒரு முழு கேமாக நீட்டி எடுத்தார்கள். அழகாகத்தான் இருந்தது, கொஞ்சம் இழுவை என்றாலும்.

கறாரான ஆட்கள் அடுத்ததை ஆர்.பி.ஜி. என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ஊர்களைப் பற்றிப் பேசும்போது 2000ல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்' கேமின் கிளாக் டவுனை விட்டுவிட முடியாது. நான்கு திசைக்கு நான்கு தெருத்தொகுதி உள்ள குட்டி ஊர். திருவிழா ஏற்பாடு நடக்கிறது. வானத்தில் கோர முகத்தோடு ஒரு நிலா இறங்கிக்கொண்டிருக்கிறது. மூன்றே நாள், ஆட்டக்காரரின் கடிகாரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. முதல் நாள் தச்சர்கள் பந்தல் கட்டுகிறார்கள். ஊர்த்தலைவர் அறையில் 'திருவிழா நடக்கும்' என்று தச்சர் தலைவரும், 'ஊரைக் காலி செய்ய வேண்டும்' என்று காவல் தலைவரும் கத்திக்கொள்கிறார்கள். நிலாவையே வெட்டிவிடுவேன் என்று ஜம்பம் அடித்த வாள் வாத்தியார் கடைசி இரவில் உள்ளறையில் ஒளிந்து நடுங்குகிறார். ஓடிப்போக ஆசைப்படும் தபால்காரர், தன் கால அட்டவணையில் அப்படி ஒன்று எழுதியில்லை என்பதால் அறையிலேயே கிடந்து தவிக்கிறார்.

விடுதி நடத்தும் அஞ்சு என்ற பெண் (ஆமாம், பெயர் அஞ்சுதான்!) காணாமல் போன மாப்பிள்ளைக்காகக் காத்திருக்கிறாள். மூன்று நாளும் சரியான நேரத்தில் சரியான இடத்தில் நின்றால் இருவரையும் சேர்த்து வைக்கலாம். விடிவதற்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது அவன் வந்து சேருகிறான். விடிந்தால் நிலா விழும். இருவரும் ஓடப்போவதில்லை. உயிர் பிழைக்க ஆட்டக்காரர் காலத்தை முதல் நாளுக்குத் திருப்ப வேண்டும். திருப்பினால், அஞ்சு மறுபடி விடுதி மேசையில் நின்று, அறிமுகமே இல்லாதவரைப் போல அறை வேண்டுமா என்று கேட்கிறாள்.

அளவை நம்பியவர்களும் உண்டு. 1996ல் வந்த 'டேகர்ஃபால்' கேமில் 15,000க்கும் மேற்பட்ட இடங்களைக் கணினியே உருவாக்கிக் கொடுத்தது. அவற்றில் நாலு ஊரின் பெயரைச் சேர்ந்தாற்போல் சொல்ல அதன் ரசிகர்களே திணறுவார்கள். அதே தொடரில் 2002ல் வந்த 'மாரோவிண்ட்' ஊர்களைக் கையால் செதுக்கியது. அதன் முதல் குக்கிராமத்தில் மோதிரத்தைத் தொலைத்துவிட்டுப் புலம்பும் ஃபார்கோத் என்ற மனிதரை மறந்தவர்கள் குறைவு.

இதுவரை சொன்ன அழிவெல்லாம் டிஸ்கில் எழுதி வைத்த அழிவு. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தால் டிரிஸ்ட்ரம் பத்திரமாக இருக்கும். ஆன்லைன் கேம்கள் வந்த பிறகு அந்த ஆறுதலும் போனது. சர்வரை அணைத்தால் ஊர் நிஜமாகவே இல்லை. 2004ல் தொடங்கிய 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' மூடப்படும் என்று 2012 ஆகஸ்ட் கடைசியில் அறிவித்ததும், ஆட்டக்காரர்கள் பாரகன் சிட்டியின் அட்லஸ் பூங்காவில் தீப்பந்தங்களோடு கூடி நின்றார்கள். பலனில்லை, நவம்பர் 30ம் தேதி அணைத்துவிட்டார்கள். 2019ல் ரசிகர்கள் தாங்களே சர்வர் போட்டு நகரத்தை மீட்டார்கள். அதில் ஒரு குழுவுக்கு 2024ல் நிறுவனமே முறைப்படி உரிமம் தந்தது.

அதே 2012 நவம்பர் 11ம் தேதி 'ஃபைனல் ஃபேன்டசி 14' கேமின் முதல் வடிவமும் மூடப்பட்டது. 2010ல் வெளியாகி எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்ட கேம் அது. பொறுப்பேற்ற நவோகி யோஷிதா, அணைக்கப்போவதையே கதையாக்கிவிட்டார். வாரா வாரம் வானத்தில் ஒரு சிவப்பு நிலா பெரிதாகிக்கொண்டே வந்தது. கடைசி நாளில் நகரங்களைப் பூதங்கள் தாக்க, ஆட்டக்காரர்கள் தெருக்களில் சேர்ந்து நின்று சண்டை போட்டார்கள். நிலா விழுந்தது, சர்வர் நின்றது. 2013 ஆகஸ்டில் புது வடிவம் வந்தபோது கதையில் ஐந்து வருடம் ஓடியிருந்தது. உல்தா, கிரிடானியா, லிம்ஸா லொமின்ஸா என்று மூன்று நகரங்களும் மறுபடி எழுந்து நின்றன. பழைய ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு தெருமுனையையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தபடி நடந்தார்கள். ஊர்க்காரர்களும் அன்றைக்குச் சண்டை போட்ட வீரர்களைப் பற்றி நன்றியோடுதான் பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்த வீரர்களின் முகமோ பெயரோ அவர்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.