இடையில் இல்லாத சட்டகங்கள்

ஊமைப்படக் காலத்துச் செய்திச் சுருள்களில் மனிதர்கள் துள்ளித் துள்ளி ஓடுவதைக் கண்டு நாம் சிரித்திருக்கிறோம். முதல் உலகப் போரின் சிப்பாய்கள் காயம்பட்ட தோழனைத் தூக்கிச் செல்லும்போதுகூட அந்தத் துள்ளல் போவதில்லை. அவர்கள் அப்படி நடந்தவர்கள் அல்லர். ஒரு வேகத்தில் எடுத்ததை வேறொரு வேகத்தில் ஓட்டியதால் வந்த கோலம் அது.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் லூமியேர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுப் படம் காட்டியபோது, அவர்களுடைய கருவி கையால் சுழற்றப்பட்டது. நொடிக்கு ஏறத்தாழ 16 சட்டகங்கள் ஓடின. அதன்பின் முப்பதாண்டுகள் வேகத்தைத் தீர்மானித்தது ஒளிப்பதிவாளரின் கைதான். 1920களின் பிற்பகுதியில் பேசும்படம் வந்ததும் இந்தச் சுதந்திரம் முடிவுக்கு வந்தது. கண் பொறுத்துக்கொள்ளும் பிசகைக் காது பொறுத்துக்கொள்ளாது. வேகம் சற்று மாறினாலும் குரல் திரிந்துவிடும். ஆகவே நிமிடத்துக்கு 90 அடி, அதாவது நொடிக்கு 24 சட்டகங்கள் என்பது நிலைபெற்றது. 16இல் எடுத்த படத்தை 24இல் ஓட்டினால் ஒரு நிமிட நடை 40 நொடியில் முடிந்துவிடும். நம் சிரிப்பின் கணக்கு இவ்வளவுதான்.

தொலைக்காட்சி வந்தபோது சிக்கல் இரட்டித்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கொண்ட ஐரோப்பா 25 சட்டகங்களையும், 60 ஹெர்ட்ஸ் கொண்ட அமெரிக்கா 30 சட்டகங்களையும் ஏற்றன. (அமெரிக்காவில் 1953இல் வண்ணம் சேர்ந்தபோது, வண்ண அலையும் ஒலி அலையும் மோதாதிருக்க அது 29.97 ஆயிற்று.) 24இல் எடுத்த திரைப்படத்தை இவற்றில் எப்படிக் காட்டுவது?

ஐரோப்பியர் படத்தைச் சற்று வேகமாக ஓட்டினர். இரண்டு மணி நேரப் படம் 4 நிமிடம் 48 நொடி முன்னதாகவே முடிந்தது. பாடகரின் சுருதி அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறிற்று. அமெரிக்கர் காலத்தைத் தொடவில்லை. தொலைக்காட்சிச் சட்டகம் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரண்டு பாதிகளாக வருவது. ஒரு திரைப்படச் சட்டகத்தை இரண்டு பாதிகளுக்கும் அடுத்ததை மூன்று பாதிகளுக்கும் நீட்டினால் 4 சட்டகங்கள் 5 ஆகிவிடும். மெதுவாக நகரும் காட்சிகளில் ஒரு சிறு தடுக்கல் தெரியும். அதுவே அதன் விலை.

இவ்விரு வழிகளுக்கும் பொதுவான நற்குணம் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். இரண்டிலும் திரும்பி வரலாம். வேகத்தைக் குறைத்தோ, மீண்டும் வந்த பாதிகளை நீக்கியோ பழைய 24ஐ மீட்கலாம். தரம் குன்றாத மாற்றம் என்று ஒன்று உண்டானால், அதன் உரைகல் இதுவே என்று கருதுகிறோம்.

60 பாதிகளை 50 ஆக்குவது அப்படியல்ல. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை ஐரோப்பாவுக்கு வண்ணத்தில் கொண்டு சேர்க்க பி.பி.சி. பொறியாளர்கள் ஒரு மின்னணு மாற்றியை உருவாக்கினர். இத்தகைய மாற்றத்தில் அடுத்தடுத்த படங்களைக் கலக்க நேர்கிறது. ஓடுபவரின் கால் இரண்டாகத் தெரியும் அபாயம் உண்டு. பின்னாளில் அசைவின் திசையைக் கணித்து, இடையிலுள்ள படத்தைப் புதிதாக வரையும் முறைகள் வந்தன. தடுக்கலும் நிழலும் மறைந்தன. ஆனால் அந்தக் கணத்தை எந்தக் கேமராவும் கண்டதில்லை.

2018இல் பீட்டர் ஜாக்சன், லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் முதல் உலகப் போர்ச் சுருள்களை 24 சட்டகங்களாக்கி, வண்ணமூட்டி வெளியிட்டார். சிப்பாய்கள் முதன்முறையாக மனிதர்களைப் போல் நடந்தார்கள். பார்த்தவர் நெஞ்சு கனத்தது. கேலிக்குரியவர்களாகத் தெரிந்தவர்களுக்கு அவர்களுடைய கண்ணியம் திரும்பக் கிடைத்தது மெய்தான். எனினும் கணக்கைப் பாருங்கள். நொடிக்கு 17 சட்டகங்களில் எடுத்ததைச் சீரான 24 ஆக்கினால், ஒவ்வொரு நொடியிலும் ஒரே ஒரு சட்டகத்தின் கணம்தான் மூலத்தோடு பொருந்தும். மற்ற 23உம் ஊகம். இறந்துபோன ஒருவனின் முகத்தில் புன்னகை மலரும் நொடியின் பெரும்பகுதி, கணினி எண்ணிப் பார்த்தது.

அதனால் அந்தப் படம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. நல்ல மொழிபெயர்ப்பை மகிழ்ந்து படிக்கும் நாம் மூலநூலை எரித்துவிடுவதில்லை. சுருளையும், அது எந்த வேகத்தில் எடுக்கப்பட்டது என்ற குறிப்பையும் சேர்த்துக் காப்பதே இங்கு நம் கடமை. நாளை இதைவிடச் சிறந்த மாற்றி வரும். அது தொடங்க வேண்டியது அந்தப் 17இலிருந்துதான்.