மூன்று முதல் ஒன்பது வரை: ஒரு வேட்டைத் தொலைநோக்கியின் கதை

இந்த முறை துப்பாக்கி. பயப்பட வேண்டாம், துப்பாக்கியின் முதுகில் உட்கார்ந்திருக்கும் தொலைநோக்கியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடியவர்களுக்கு 'ஸ்கோப்' என்றால் விளக்க வேண்டியதில்லை. எலியின் வலது பொத்தானை ஒருமுறை அழுத்தினால் எதிரி கிட்டே வருவான், இன்னொரு முறை அழுத்தினால் இன்னும் கிட்டே வருவான். நிஜத் துப்பாக்கியில் அந்த இரண்டாவது அழுத்தல் அவ்வளவு எளிதாக வந்துவிடவில்லை. "பெருக்கத்தை மாற்றிய பிறகும் குண்டு அதே இடத்தில்தான் போய் விழும்" என்று ஒரு சாதாரண வேட்டைக்காரர் நம்புவதற்கு 1960-கள் வரை ஆனது. அந்த நம்பிக்கை எப்படி வந்தது, என்ன விலைக்கு வந்தது என்பதுதான் இக்கட்டுரை.

(நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை குற்றம். ஆகவே இந்தக் கதை பெரும்பாலும் அமெரிக்காவிலும் கொஞ்சம் ஐரோப்பாவிலும்தான் நடக்கிறது. அங்கே மான் வேட்டை உரிமச்சீட்டு வாங்கிக்கொண்டு, பருவகாலத்தில் மட்டும் செய்கிற சட்டபூர்வமான காரியம்.)

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போய் "அதிக விலையும் வேண்டாம், மட்டமும் வேண்டாம், மான் வேட்டைக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்டால் கடைக்காரர் பெரும்பாலும் எடுத்து வைப்பது 3-9×40 என்று எழுதியிருக்கும் குழாய். 3 மடங்கிலிருந்து 9 மடங்கு வரை பெருக்கும், முன் லென்ஸின் விட்டம் 40 மி.மீ. என்று பொருள். விலை ஏறத்தாழ 200 டாலரிலிருந்து 500 டாலருக்குள் இருக்கும். 3, 9, 40 என்ற இந்த மூன்று எண்களும் அப்படி எளிதில் கூடிவிடவில்லை.

பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொலைநோக்கிக்குக் காப்புரிமை கேட்டு ஹான்ஸ் லிப்பர்ஷே ஹாலந்தில் விண்ணப்பித்தது 1608-இல். அதைத் துப்பாக்கியில் ஒழுங்காகப் பொருத்த இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1855 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூஸ் நகரில் வில்லியம் மால்கம் என்பவர் நிறப்பிறழ்ச்சி நீக்கிய லென்ஸ்களை வைத்துத் துப்பாக்கித் தொலைநோக்கிகள் செய்யத் தொடங்கினார். துப்பாக்கிக் குழலின் நீளத்துக்கே இருக்கும் மெல்லிய குழாய்கள் அவை. 1898-இல் வியன்னாவில் கார்ல் ராபர்ட் காலெஸ் தொடங்கிய நிறுவனம் இன்றும் இதே தொழிலில் இருக்கிறது. முதல் உலகப் போருக்கு முன்பே ஜெர்மனி, ஆஸ்திரியாவில் நல்ல தொலைநோக்கிகள் கிடைத்தன. பணக்காரர்களுக்கு.

இங்கேதான் எனக்குப் பிடித்த மனிதர் வருகிறார். வில்லியம் ரால்ஃப் வீவர். 1930-இல், உலகமே பொருளாதார வீழ்ச்சியில் கிடந்தபோது, இருபதுகளின் நடுவில் இருந்த இந்த இளைஞர் கென்டக்கி மாநிலத்தின் நியூபோர்ட்டில் ஒரு பட்டறை போட்டார். அவர் செய்தது '330' என்ற எளிய தொலைநோக்கி: முக்கால் அங்குல எஃகுக் குழாய், மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைந்த பெருக்கம். துப்பாக்கியில் மாட்டும் பிடியோடு சேர்த்து விலை 19 டாலர்! ஜெர்மன் சரக்கின் விலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த விவசாயியும் ஆலைத் தொழிலாளியும் முதன்முறையாகக் கையில் பிடித்த துப்பாக்கித் தொலைநோக்கி இதுதான். 1933-இல் வீவர் டெக்சாஸின் எல் பாசோவுக்கு இடம் மாறினார். பத்து ஆண்டு கழித்து, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்கு மறைந்திருந்து சுடுபவர்களுக்கான துப்பாக்கி அவசரமாகத் தேவைப்பட்டபோது, எம்1903ஏ4 ரகத்தின் மேல் அவர்கள் மாட்டியது இதே 330-ஐத்தான். ராணுவத்துக்காக ஒன்றைச் செய்து பிறகு பொதுமக்களுக்கு விற்பதுதான் வழக்கம் என்று நினைப்போம். இங்கே கடைச் சரக்கு ராணுவத்துக்குப் போனது.

ஆனால் 330-க்கு ஒரே பெருக்கம்தான். அன்றைய எல்லாத் தரமான வேட்டைத் தொலைநோக்கிகளுக்கும் ஏறக்குறைய அப்படித்தான்: இரண்டரை மடங்கு அல்லது நான்கு மடங்கு, வாங்கினால் ஆயுள் முழுக்க அதே. 'அவுட்டோர் லைஃப்' இதழில் எழுதிவந்த ஜாக் ஓ'கானர், அமெரிக்க வேட்டை எழுத்தாளர்களில் மிகவும் செல்வாக்குள்ளவர், மலை வேட்டைக்கு 4 மடங்கு நிலைப்பெருக்கமே போதும் என்ற கட்சி. மாறுபெருக்கம் அன்று இல்லாமல் இல்லை. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திலேயே ஜெய்ஸ் நிறுவனம் 1 முதல் 4 மடங்கு வரை மாறும் ஒன்றை விற்றது. வீவரும் 1940-களின் இறுதியில் 2¾ முதல் 5 வரை மாறுவதைக் கொண்டுவந்தார். இருந்தும் அனுபவசாலிகள் தொடத் தயங்கினார்கள். ஏன்?

கொஞ்சம் இயற்பியல். (ஒளியியல் வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் தைரியமாகப் படிக்கலாம்!) முன் லென்ஸ் குழாய்க்குள் ஒரு தலைகீழ் பிம்பத்தை உண்டாக்கும். தலைகீழாக நிற்கும் மானைப் பார்த்துச் சுட முடியாது அல்லவா? எனவே நடுவில் இரண்டு லென்ஸ்கள் அதை நிமிர்த்தி, கண் பக்கத்துக்கு அனுப்பும். இந்த நிமிர்த்தும் லென்ஸ்களை முன்னும் பின்னும் நகர்த்தினால் பெருக்கம் மாறும். வெளியே உள்ள வளையத்தைத் திருப்பும்போது உள்ளே நடப்பது அவ்வளவுதான்: சாய்வாக வெட்டப்பட்ட இரண்டு பள்ளங்களில் இரண்டு லென்ஸ்களும் வழுக்கிக்கொண்டு நகரும்.

வழுக்க வேண்டுமானால் இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் ஆடும். முன் லென்ஸின் குவியத்தொலைவு 17 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். பிம்பத்தில் வெறும் 0.05 மி.மீ. பிசகினால் (தலைமுடியின் தடிமனை விடக் குறைவு) 100 மீட்டரில் குறி ஏறத்தாழ 3 செ.மீ. விலகும். 200 மீட்டரில் 6 செ.மீ. கூடவே ஒவ்வொரு முறை சுடும்போதும் பின்னுதைப்பு அந்த லென்ஸ்களைச் சுத்தியலால் அடிப்பதுபோல அடிக்கிறது. மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். சுடுபவரின் கை நடுக்கம், காற்று, தூரக் கணிப்பு எல்லாம் ஏற்கெனவே அந்தத் தட்டின் பெரும்பகுதியைத் தின்றுவிடும். மிச்சமிருப்பதைத் தொலைநோக்கியும் தின்றால் மான் சாகாது. அடிபட்டு ஓடிப்போய் எங்கோ ஒரு புதரில் இரண்டு நாள் கிடந்து சாகும். பழைய வேட்டைக்காரர்கள் மாறுபெருக்கத்தை வெறுத்ததற்கு இந்தப் பயமே காரணம். பழமைவாதம் என்று நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஐரோப்பியர்கள் இதற்குச் சாமர்த்தியமாக ஒரு வழி வைத்திருந்தார்கள். குறுக்குக்கோட்டை நிமிர்த்தும் லென்ஸ்களுக்கு முன்னால், முதல் பிம்பம் விழும் இடத்திலேயே வைத்துவிட்டார்கள். பின்னால் லென்ஸ் ஆடினாலும் பிம்பமும் கோடும் சேர்ந்தே ஆடும், குறி தப்பாது. ஆனால் பெருக்கத்தைக் கூட்டினால் கோடும் தடிக்கும். அந்தி நேரத்தில் காட்டுப்பன்றிக்குக் காத்திருக்கும் ஜெர்மானியருக்குத் தடித்த கோடு வசதிதான். வெட்டவெளியில் முந்நூறு கெஜத்தில் நிற்கும் கலைமான் போன்ற பிராங்ஹார்னைத் தேடும் அமெரிக்கருக்கு அது இலக்கையே மறைத்தது. அவர்கள் கோட்டைப் பின்னால் வைக்க விரும்பினார்கள். அப்படியானால் ஆட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

அதற்குள் வேறு இரண்டு சங்கடங்கள் தீர்ந்திருந்தன. ஒன்று ஒளி. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடும். பன்னிரண்டு பரப்புகள் இருந்தால் கண்ணுக்கு வருவது ஏறத்தாழ 61 சதவீதம்தான் (கால்குலேட்டரில் 0.96-ஐ பன்னிரண்டு முறை பெருக்கிப் பாருங்கள்). மாறுபெருக்கத்துக்கு லென்ஸ்கள் அதிகம் என்பதால் இழப்பும் அதிகம். 1935-இல் ஜெய்ஸில் இருந்த அலெக்சாண்டர் ஸ்மகுலா எதிரொளிப்பைத் தடுக்கும் மெல்லிய பூச்சைக் கண்டுபிடித்தார். போருக்குப் பிறகு அது எல்லோர் லென்ஸுக்கும் வந்தது. இன்னொன்று ஈரம். கதகதப்பான அறையிலிருந்து குளிருக்குப் போனால் குழாய்க்குள் ஆவி படியும், மானுக்குப் பதில் வெள்ளைப் புகைதான் தெரியும். ஆரிகன் மாநிலத்தில் நில அளவைக் கருவிகள் செய்துவந்த லியூபோல்ட் நிறுவனத்தின் மார்கஸ் லியூபோல்டுக்கு மான் வேட்டையில் இப்படி நேர்ந்த கோபத்தில் பிறந்ததுதான் 1947-இன் 'பிளெயின்ஸ்மேன்' என்று சொல்வார்கள். உள்ளே காற்றை எடுத்துவிட்டு உலர்ந்த நைட்ரஜனை அடைத்து மூடிவிட்டார்கள். இன்று மலிவு விலைச் சரக்கில்கூட அதுதான் முறை.

1960-களின் தொடக்கத்தில் டென்வரில் இருந்த ரெட்ஃபீல்டு நிறுவனம் 3-9 மடங்கு தொலைநோக்கியைக் கொண்டுவந்தது. எப்படித் திருப்பினாலும் குறுக்குக்கோடு நடுவிலேயே நிற்கும், பெருக்கத்தை மாற்றினாலும் குறி நகராது என்று துணிந்து விற்ற சரக்கு. 1962-இல் லியூபோல்ட் கொண்டுவந்த, ஓரம் தடித்து நடுவில் மெலிந்த 'டூப்ளெக்ஸ்' குறுக்குக்கோடு ஐரோப்பியரின் அந்தி வசதியையும் ஓரளவு கொடுத்துவிட்டது. 1966-இல் அமெரிக்க மரைன் படை தன் எம்40 துப்பாக்கிக்கு ரெட்ஃபீல்டின் 3-9-ஐயே எடுத்துக்கொண்டு வியட்நாமுக்குப் போனது. இதைவிடப் பெரிய விளம்பரம் ஏது?

வேடிக்கை என்னவென்றால், வியட்நாம் வெயிலையும் ஈரத்தையும் பார்த்த மரைன்கள் அடுத்த ரகமான எம்40ஏ1-க்கு உனர்ட்ல் நிறுவனத்தின் 10 மடங்கு நிலைப்பெருக்கத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நாட்கணக்கில் சேற்றில் கிடப்பவனுக்கு நகரும் பாகம் குறைவாக இருப்பதே நிம்மதி. வேட்டைக்காரர்கள் மட்டும் 3-9-ஐ விடவில்லை. அவர்களுக்கு அது கணக்காகப் பொருந்தியது. 3 மடங்கில் நூறு கெஜத்தில் சுமார் 10 மீட்டர் அகலக் காட்சி தெரியும். அடர்ந்த காட்டில் திடீரென்று எழும் மானைப் பிடிக்க அது வேண்டும். 9 மடங்கில் 4 மீட்டர்தான். ஆனால் வெட்டவெளியில் கொம்பை எண்ணலாம். 40 மி.மீ. லென்ஸை 9-ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 4.4 மி.மீ., 6-ஆல் வகுத்தால் 6.7. இருட்டில் விரிந்த இளம் கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மி.மீ. ஆகவே அந்தியில் வளையத்தை 6-க்குக் குறைத்தால் கண் கொள்ளும் ஒளி முழுவதும் கிடைத்துவிடும். 50, 56 மி.மீ. லென்ஸ் போட்டுக் கனத்தைக் கூட்டிக்கொள்ள அவசியமில்லை.

விலை எப்படி இறங்கியது? பெரும் பங்கு ஜப்பானுக்கு. 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று நிலையாக இருந்தது. டேவிட் புஷ்னெல் 1948-இலேயே ஜப்பானிலிருந்து இருகண் நோக்கிகளை இறக்குமதி செய்யத் தொடங்கியிருந்தார். துப்பாக்கித் தொலைநோக்கிகள் பின்னாலேயே வந்தன. ரெட்ஃபீல்டில் வடிவமைப்பாளராக இருந்த டான் பர்ரிஸ் 1970-களின் தொடக்கத்தில் கொலராடோவின் கிரீலியில் தனிக்கடை போட்டார். இந்தப் போட்டியில் நடுத்தர விலை என்ற அடுக்கே உருவானது. 1985-க்குப் பிறகு யென் விலையேற, மலிவுச் சரக்கின் உற்பத்தி மெல்ல பிலிப்பைன்ஸுக்கும் சீனாவுக்கும் நகர்ந்தது.

வரலாறு தெரிந்தால் தேர்வும் கொஞ்சம் எளிது என்பது என் கருத்து. ஐம்பது டாலர் தொலைநோக்கியும் கடையில் பளிச்சென்றுதான் தெரியும். ஏனென்றால் கண்ணாடிப் பூச்சு இப்போது மலிவு. மலிவாகாதது அந்தச் சாய்வுப் பள்ளமும், அதை இறுக்கிப் பிடிக்கும் வில்லும். கடையின் விளக்கொளியில் அது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி, 3-இல் மூன்று குண்டு, 9-இல் மூன்று குண்டு, மறுபடி 3-இல் மூன்று குண்டு என்று ஒரே அட்டையில் சுட்டுப் பார்ப்பது. ஆகவே அதே 300 டாலருக்கு 4-16, 6-24 என்று பெரிய எண்களைக் காட்டும் பெட்டியை விட 3-9 அல்லது 2-7-தான் புத்திசாலித்தனம். பெருக்கத்துக்குக் கொடுக்கும் காசு இயந்திரத்திலிருந்துதான் கழியும். வாங்கிய பிறகு செய்யும் தவறு ஒன்று உண்டு: வளையத்தை 9-இலேயே விட்டுவிட்டுக் காட்டுக்குள் நடப்பது. முப்பது கெஜத்தில் மான் எழுந்தால் ஸ்கோப்பில் பழுப்பு முடி மட்டும்தான் தெரியும். தலையா வாலா என்றுகூடத் தெரியாது :-)

இதைச் செய்து காட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். வீவரின் எல் பாசோ ஆலை 1980-களில் மூடப்பட்டது. பெயர் மட்டும் கைமாறிப் பிழைத்தது. ரெட்ஃபீல்டின் டென்வர் ஆலை 1998-இல் மூடியது. 2008-இல் அந்தப் பெயரை வாங்கியது அதன் பழைய போட்டியாளரான லியூபோல்ட்! நிக்கான் 2019 இறுதியில் துப்பாக்கித் தொலைநோக்கித் தொழிலையே விட்டு விலகியது. பர்ரிஸ் 2002 முதல் இத்தாலியின் பெரெட்டா குழுமத்தில். 2018-இல் லியூபோல்ட் தன் குறைந்த விலை வரிசைகளை எல்லாம் சுருட்டி 'விஎக்ஸ்-ஃப்ரீடம்' என்று ஒன்றாக்கியபோது அதிலும் முன்னால் நின்றது 3-9×40 தான்.